பதினோரு டப்பாவும் ஒரு நாக்கும்

பல் டாக்டர் மூன்று நாள் கருத்தரங்கை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், சமையலறை அலமாரியின் நடுத்தட்டில் பதினோரு தேயிலை டப்பாக்கள் இருந்த இடத்தில் ஒரே ஒரு டப்பாதான் இருந்தது. புத்தம் புதிய, பெரிய எவர்சில்வர் டப்பா. மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'தேயிலை. மொத்தம் 430 கிராம்.' கீழே தேதி. அதற்கும் கீழே அவள் கணவரின் கையெழுத்து.

கணவர் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கின் பொறுப்பாளர். ஒரு நட்டு குறைந்தாலும் மூன்று நாள் தேடி எடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் பணிமனையில் அவருக்கு நட்டு சார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரே சரக்கு இரண்டு பெட்டியில் அரைகுறையாகக் கிடந்தால் ஒரே பெட்டிக்கு மாற்று என்பது கிடங்கின் முதல் விதி. மனைவி ஊரில் இல்லாத மூன்று நாளில் வீட்டுக்கு ஏதாவது உதவியாகச் செய்ய வேண்டும் என்று அவர் மனதாரத்தான் நினைத்தார். அலமாரியைத் திறந்தார். விதி கண்ணில் பட்டது.

"பதினொண்ணும் டீதானே? எல்லாம் அரையும் காலுமா கிடந்துச்சு. ஒண்ணாக்கிட்டேன். தட்டு எவ்வளவு காலியாயிடுச்சு பாரு" என்றார்.

வேர் வளைந்த கடைவாய்ப் பல்லைக்கூட நின்றபடியே பிடுங்கி எடுக்கிற டாக்டர், கைப்பையை இறக்கிவைக்காமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பதினொன்றில் இதழ் விரியாத மொட்டை மட்டும் பறித்துக் காயவைத்த வெள்ளைத் தேயிலை இருந்தது. விறகுப் புகையில் உலர்த்திய கறுப்பு இலை இருந்தது. பூவோடு படுக்கவைத்து மணம் ஏற்றிய பச்சை இலை, பாதி மட்டும் புளிக்கவிட்ட ஊலாங், இலையைத் தள்ளிவிட்டுத் தண்டை மட்டும் வறுத்த ஒரு வகை, மலையின் உச்சித் தோட்டத்தில் அந்த வருஷம் முதலில் பறித்தது. ஐந்து வருஷத்துச் சனிக்கிழமைகளில், ஐம்பது ஐம்பது கிராமாகத் தேடிச் சேர்த்தவை. எல்லாம் இப்போது ஒரே கும்பலாக, கல்யாணக் கூட்டம் மாதிரி கிடந்தன.

அவள் உட்கார்ந்த விதம்தான் நட்டு சாருக்குப் பயத்தைக் கொடுத்தது. தனக்குத் தெரிந்த ஒரே சமாதானத்தை அவர் செய்தார். தண்ணீரைக் கொதிக்கவைத்தார். அது அவருக்கு நன்றாகவே வரும். கல்யாணமான நாளிலிருந்து இந்த இருபத்து நான்கு வருஷமாக அவர் குடித்து வந்தது சுடுதண்ணீர் மட்டும்தான். பெரிய டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துக் கெண்டியில் போட்டு, கொதிநீரை ஊற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்து நாலு நிமிஷம் காத்திருந்து, வடிகட்டிக் கொண்டுவந்து தரையில் அவள் பக்கத்தில் வைத்தார்.

ஒரு வாய் குடித்துவிட்டு, 'பாருங்க, இதுதான் நீங்க பண்ணின காரியம்' என்று அவர் கண்ணெதிரே துப்புவதற்காகத்தான் அவள் கோப்பையை எடுத்தாள்.

துப்பவில்லை.

முதலில் வறுத்த வாசனை மூக்கில் ஏறியது. அது இறங்குவதற்குள், எங்கோ நாலு வீடு தள்ளி விறகு எரிகிற மாதிரி மெல்லிய புகை. இரண்டும் தொண்டையைத் தாண்டிய பிறகு, போனவர் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வருவது போல, நாக்கின் ஓரத்தில் பழுத்த பழத்தோலின் இனிப்பு வந்து நின்றது. அவள் இன்னொரு வாய் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வாய்.

தண்டனையில் பங்கெடுத்துக்கொள்வது நியாயம் என்று நினைத்த நட்டு சார் தனக்கும் அரைக் கோப்பை ஊற்றிக்கொண்டார். குடித்தார். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். எழுந்து போய் முழுக் கோப்பை ஊற்றிக்கொண்டு வந்து, அவளுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். உடம்பு ஏதாவது சரியில்லையா என்று அவள் கேட்டாள்.

"இல்ல. நல்லாயிருக்கு. இன்னும் கொஞ்சம் போடலாமா?"

இந்தக் கேள்வியின் எடை அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமான புதிதில் அவள் ஒவ்வொரு கோப்பையையும் அவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவாள். இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்க என்பாள். அவரும் மறுக்காமல் முகர்ந்து, "டீ வாசனை வருது" என்பார். எதைக் கொடுத்தாலும் அதே தீர்ப்பு. சில வருஷம் பார்த்துவிட்டு அவள் ஓடுவதை நிறுத்திக்கொண்டாள். சண்டையில்லை, மனஸ்தாபமில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கோப்பையோடு பால்கனியில் இருப்பாள். அவர் சுடுதண்ணீரோடு செய்தித்தாளில் இருப்பார்.

அடுத்த ஐந்து நாளும் பால்கனியில் இரண்டு நாற்காலி. ஒருநாள், புகை எப்படி இலைக்குள் போகிறது என்று அவராகவே கேட்டார். அவள் சொல்ல ஆரம்பித்ததில், எட்டு மணிக்குத்தான் யாரும் இன்னும் சமைக்கவில்லை என்பது இருவருக்கும் நினைவு வந்தது. வெளியூரில் படிக்கும் மகள் போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, அப்பாவுக்கு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாமா என்றாள். டாக்டர் சிரித்தாள். ஆனால் சிரிப்புக்கு அடியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு நாலு கோப்பை, பத்து கிராம். டப்பா என்றைக்காவது காலியாகும். அன்றைக்கு இவர் எழுந்து சுடுதண்ணீருக்கே போய்விடுவார். இதே கலவையைத் திரும்பச் செய்ய முடிந்தால் இரண்டாவது நாற்காலி தங்கும். முடியாவிட்டால் தங்காது.

ஆகவே சனிக்கிழமை நண்பகலோடு மருத்துவமனையைப் பூட்டினாள். கையில் ஒட்டியிருந்த கிராம்பு எண்ணெய் வாசனை போக, சோப்பில்லாமல் மூன்று முறை கழுவினாள். தேயிலை வாங்கப் போகிற நாளில் அவள் பவுடர்கூடப் போடமாட்டாள். வீட்டுக்கு வந்து பெரிய டப்பாவை மடியில் வைத்து, இருபது முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள். பிறகு நீளக் கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினாள். மாதிரி எடுத்தால் எல்லாம் சமமாகக் கலந்த மாதிரியாக இருக்க வேண்டும் அல்லவா? படித்த படிப்பு அப்படி. தேயிலைக் கடைக்குக் கொண்டுபோக மூன்று கரண்டி அள்ளி ஒரு சிறிய உறையில் கட்டிக்கொண்டாள்.

நட்டு சாரிடம் இன்னொரு ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு டப்பாவையும் கொட்டுவதற்கு முன்னால் எடை போட்டு, டப்பாவின் நிறத்தோடு ஒன்றிலிருந்து பதினொன்று வரை சீட்டில் குறித்துவைத்திருந்தார். எந்த நிற டப்பாவில் என்ன தேயிலை என்பது டாக்டருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். சீட்டைக் கொடுங்கள் என்றாள். சரக்கைக் கலந்தது நான், நானே வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டார். அந்தக் கடைக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை.

சாவி வெட்டும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு கடை. உள்ளே போகப் போக நீளும். இரண்டு பக்கமும் தரையிலிருந்து கூரை வரை தகர டப்பாக்கள். வாசற்படியில் கால் வைத்ததுமே டாக்டரின் நடை மாறிவிடும். இன்றும் அப்படித்தான், அவரைப் பின்னால் விட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கடை நடத்துகிற அக்காவுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு டப்பாதான் திறப்பாள். பெயரை முதலில் சொல்லமாட்டாள். பீங்கான் கோப்பையில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, அந்தச் சூட்டில் உலர்ந்த இலையைப் போட்டு, உள்ளங்கையால் மூடி நீட்டுவாள். சூடு பட்டால்தான் இலை வாயைத் திறக்கும் என்பாள். மூக்கை வைத்து, மனதில் ஒன்று தோன்றிய பிறகுதான் பெயர்.

நட்டு சார் தேயிலையைப் பார்க்கவில்லை, தட்டுகளைப் பார்த்தார். ஒவ்வொரு டப்பாவிலும் எண். பழைய வரவு முன்னால், புதிய வரவு பின்னால். அவர் முகம் மலர்ந்தது. ஐந்தே நிமிஷத்தில் அவரும் அக்காவும் சரக்கு அடுக்குவது பற்றிப் பழைய சிநேகிதர்கள் போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷ வாடிக்கைக்காரி கையில் உறையோடு நின்றாள். கடைசியில் அவளே இடையில் புகுந்து நடந்ததைச் சொல்லவேண்டியதாயிற்று. அக்கா மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இந்த மாதிரி ஒரு வேலைய உங்களுக்கு ஆகாதவங்ககூட செஞ்சிருக்க மாட்டாங்க டாக்டரம்மா."

பிறகு வேலை தொடங்கியது. சீட்டில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு வீதம் நிறுப்பது என்று முடிவு. அக்கா ஒவ்வொரு டப்பாவாக இறக்கினாள். ஒவ்வொரு மூடி திறக்கும்போதும் டாக்டருக்கு நெஞ்சு ஒரு படி ஏறி இறங்கியது. வெள்ளை மொட்டு, பூனைக்குட்டியின் காதுமடல் போலப் பொசுபொசுவென்று இருந்தது. பூமணப் பச்சையைத் திறந்தபோது, சாவிக்கடையில் ராவிக்கொண்டிருந்தவர்கூட ஒரு கணம் நிறுத்தியது போல் தோன்றியது. ஊலாங் சுருண்டு உருண்டு, மிளகுக்கு அண்ணன் மாதிரி டங்டங்கென்று தராசில் விழுந்தது. குருணைத் தேயிலையை அளக்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், பறந்துவிடும். நடுவில், போன வாரம்தான் வந்தது என்று அக்கா ஒரு புதிய வசந்தப் பறிப்பை மூக்கின் கீழ் நீட்டினாள். பச்சைப் பட்டாணித் தோலை உரித்த நொடியின் மணம். வந்த காரியம் வேறு என்று தெரிந்தும் அதில் ஐம்பது கிராம் சொல்லிவிட்டாள். நட்டு சார் வாயைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார்.

பதினொன்றும் சேர்ந்த நாற்பத்து மூன்று கிராமை அக்கா கலக்கினாள். டாக்டர் தன் உறையை அதன் பக்கத்தில் கொட்டினாள். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று போல் இருந்தன. ஜெயித்தாயிற்று என்று அவளுக்குக் காது வரை சூடேறியது.

இரண்டையும் தனித்தனியே வடித்தார்கள். அக்கா கரண்டியில் எடுத்து, தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தத்தோடு உறிஞ்சினாள். நட்டு சார் வெட்கப்பட்டு வாசல் பக்கம் பார்த்தார். அக்கா இரண்டு கோப்பையையும் டாக்டரிடம் நகர்த்தினாள். டாக்டர் குடித்தாள். கசப்பு இருந்தது, பூ இருந்தது, புல் இருந்தது, புகை இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. இன்னொரு கோப்பையை எடுத்தாள். அதே வீடு, அதே கூச்சல்.

நட்டு சார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெதுவாக மேடைமேல் வைத்தார்.

"சுடுதண்ணி கொஞ்சம் கிடைக்குமாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

டாக்டர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புதிதாகக் கலந்தது தப்பாகப் போகலாம். வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் எப்படித் தப்பாகும்? நேற்றுச் சாயங்காலம்கூட நன்றாக இருந்ததே. அக்காவும் அதையேதான் கேட்டாள். டப்பா ஈரத்தில் இருந்ததா, வெயில் பட்டதா என்று விசாரித்தாள். எதுவும் இல்லை.

நட்டு சார்தான் கடைசியில் வேறு ஒன்று கேட்டார். மாதிரியை எப்படி எடுத்தாய்? அவள் பெருமையாகவே சொன்னாள். இருபது முறை கவிழ்த்தது, நீளக் கரண்டி, எல்லாம்.

"அடி வரைக்குமா கிளறின?" என்றார். பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நாம ஆறு நாளா மேலாலதானே எடுத்தோம். கடைசியா கொட்டினதுதான் மேல கிடக்கும். அதைத்தான் குடிச்சோம். மத்தது கீழ அப்படியே இருந்துச்சு."

புரிய அவளுக்கு ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும், அறுபது கிராம் போக மிச்சமிருந்த அந்த மேல்பாகத்தைத் தன் கையாலேயே ஆழத்துக்கு அனுப்பிவிட்டது தெரிந்தது. அது இனி எந்த டப்பாவிலும் இல்லை. அவர்கள் இருவர் நாக்கிலும் மட்டும்தான் இருந்தது. அவள் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றாள்.

"விடு. ஒண்ணாக்கினது நான், கிளறினது நீ. சரியாப் போச்சு" என்றார் அவர். சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்தார். கொட்டிய வரிசையில்தான் எழுதியிருந்தார், கிடங்கில் வேறு மாதிரி எழுதும் வழக்கமே கிடையாது. கடைசி மூன்று வரி: ஒன்பது, மஞ்சள் டப்பா, முப்பது கிராம். பத்து, கறுப்பு டப்பா, பன்னிரண்டு. பதினொன்று, பச்சை டப்பா, முப்பத்தைந்து.

ஊலாங், விறகுப் புகை இலை, வறுத்த தண்டு என்று டாக்டரின் வாய் தானாகச் சொன்னது. மூன்றும் அடுக்கடுக்காகத்தானே விழுந்திருக்கும், எப்படிக் கலந்தது என்று அக்கா கேட்டாள். டப்பா வாய்வரை நிறைந்து மூட வராததால், கரண்டிக் காம்பால் இரண்டு விரல் ஆழத்துக்குக் கிளறி அமுக்கியதாக அவர் ஒப்புக்கொண்டார். அக்கா ஏற்கெனவே அந்த மூன்று டப்பாக்களைத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலும் ஒரு வேகம் வந்திருந்தது. கடை மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சீட்டில் இருந்த விகிதத்திலேயே முதல் கோப்பை. டாக்டர் குடித்தாள். வறுவல் வந்தது, புகை வந்தது, பழத்தோல் வந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "இதுதான்" என்றாள்.

நட்டு சார் குடித்தார். வாயிலேயே வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். விழுங்கினார்.

"இது அது இல்ல."

என்ன வித்தியாசம் என்று டாக்டர் கேட்டாள். அவர் கையால் காற்றில் எதையோ இடம் மாற்றி வைத்தார்.

"புகை முன்னால வந்து நிக்குது. வீட்ல அது பின்னால நின்னுச்சு."

டாக்டருக்கு முழங்கையிலிருந்து தோள்வரை மயிர்க்கூச்செறிந்தது. எதைக் கொடுத்தாலும் டீ வாசனை வருது என்றே சொன்ன மனிதர். அவள் அவசரமாக இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். ஆமாம். முன்னால்தான் நிற்கிறது. அவள் ஆசையில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள்.

புகை இலையைப் பாதியாக்கி இரண்டாவது கோப்பை. கிட்டே வந்துவிட்டது, ஆனால் கடைசியில் என்னமோ ஒன்று குறைகிறது என்றார். கரண்டிக் காம்பு எட்டாவதிலும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம் என்று டாக்டருக்குத் தோன்றியது. எட்டாவது டப்பாவில் இருந்தது வெள்ளை மொட்டு. ஒரு சிட்டிகை, இரு விரலால் எடுத்து, அவளே போட்டாள். மூன்றாவது கோப்பை. மூன்று பேரும் குனிந்து கெண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அது ஏதாவது சொல்லிவிடும் போல.

அவர் உறிஞ்சினார். அக்கா உறிஞ்சுவது போலவே, தெருவுக்குக் கேட்கும்படி. அதைப் பற்றி அவருக்கு நினைவே இல்லை.

"அதேதான்" என்றார்.

டாக்டர் குடித்தாள். மொட்டு வந்ததும் வறுவல் அடங்கிப்போயிருந்தது. இரண்டாவதுதான் சரி என்றாள். இல்லை, மூன்றாவது என்றார். இருபத்து நான்கு வருஷமாகக் குடிக்கிற நாக்குக்குத் தெரியாதா என்றாள். இருபத்து நான்கு வருஷமாக எதையும் குடித்துக் கெடுக்காத நாக்குத்தான் நம்பகமானது என்றார். முதல் கோப்பையிலேயே 'இதுதான்' என்று சொன்னவர் யார் என்றும் கேட்டார். அவள் மடக்கிப் பேசினாள், அவர் விடவில்லை. அவள் குரலை உயர்த்தினாள், உயர்த்திக்கொண்டே இது இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டாள். அக்கா எந்தப் பக்கமும் சேராமல் இரண்டாவதில் நூறு கிராமும் மூன்றாவதில் நூறு கிராமும் கலந்து, இரண்டு உறையில் கட்டிக் கொடுத்து, வீட்டுக்குப் போய் அடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவைத்தாள்.

தெருமுனை வரை விவாதம் ஓயவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நட்டு சார் திடீரென்று பேச்சை நிறுத்தினார். ஏதோ எண்ணிப் பார்ப்பது போல விரல்கள் அசைந்தன.

"எல்லா டப்பாலயும் நம்பர் இருந்துச்சு. இடது பக்கம் மேல் தட்டு மூலையில ஒண்ணுல மட்டும் இல்ல. பித்தளை டப்பா. அதுல என்ன வெச்சிருக்காங்க?"

டாக்டர் யோசித்தாள். ஐந்து வருஷம், எத்தனை சனிக்கிழமை. மூக்கைக் கோப்பையில் வைத்திருந்தாளே தவிர, அந்த மூலையை நிமிர்ந்து பார்த்ததில்லை. தெரியாது என்றாள். சொல்லும்போதே அவளுக்கு இதயம் அடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டது.

பேருந்து வந்து நின்றது. அவர் அதைப் பார்க்கவேயில்லை, வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருந்தார். அவள் ஓட்டமும் நடையுமாகப் பின்தொடர்ந்தாள். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம்" என்று குரல் கொடுத்தபடி நட்டு சார் குனிந்து உள்ளே போனார். இரண்டு உறைகளையும் மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டரும் குனிந்தாள்.